பண்டாரவளை லேத் பட்டறையும் என் மினியின் கிராங்கும்

ஹட்டன் ஸ்டேஷனில் பொடி மெனிக்கே ரயிலுக்காகக் காத்திருந்தபோது என் காலடியில் இரண்டு அரிசிச் சாக்குகள் இருந்தன. ஒன்றில் இரண்டு துண்டாகிப் போன என் காரின் கிராங்க் ஷாப்ட், அதாவது பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு. மற்றதில், அதற்குப் பதிலாகப் போடத் தேடிப்பிடித்த இன்னொரு பழைய கிராங்க். ஒவ்வொன்றும் 10 கிலோவுக்கு மேல். மூன்று மணி நேரத்துக்கும் கூடுதலாக அவற்றைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பண்டாரவளை போய்ச் சேர்ந்தேன். அந்தப் பயணமும் அதற்குப் பிறகு நான் பொறுத்திருந்த ஏழு வாரங்களும் வீண்போகவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், கார் மலையேற்றப் போட்டியில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கும் இது உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

கார் அப்பாவுடையது. மினி 1000, 998 சிசி எஞ்சின், ஸ்ரீ எழுத்துள்ள பழைய நம்பர். தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா பேக்டரி பிட்டராக இருந்தார். மாற்றலாகிப் போன சின்னத்தொரை (தோட்டத்தின் உதவி நிர்வாகி) ஒருவரிடமிருந்து வாங்கிய கார் அது. கிராங்க் என்றால் என்ன என்று எனக்கு அவர் சொல்லித் தந்தது ரோலர் மெஷினைக் காட்டித்தான். வாடிய கொழுந்தை உருட்டுகிற அந்த மேசையைச் சுற்றி மூன்று கிராங்குகள், நிமிடத்துக்கு 45 சுற்று அளவில், நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். "இதே சாமான்தான் கார் எஞ்சினுக்குள்ளேயும் இருக்கு. நூறு மடங்கு வேகமா ஓடுது, அவ்வளவுதான்" என்பார். இப்போது நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வட்ட இயக்கம் நடத்தும்போதெல்லாம் அந்த ரோலர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

எனக்கு வேண்டியிருந்தது இதுதான்: எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுவரை பயமில்லாமல் போக வேண்டும். நுவரெலியாவில் 1934 முதல் நடக்கிற மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஒருநாள் அப்பாவின் காரை ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும், எஞ்சினின் பலமும் அதே அளவுக்குக் குறையும். 38 குதிரைவலு கொண்ட எஞ்சினில் ஐந்தில் ஒன்று போனால் மிச்சம் என்ன? வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் மூன்றாவது கியருக்கு மாற்றினால் கார் சோர்ந்துவிடுகிறது. இரண்டாவது கியரிலேயே பிடித்துக்கொண்டு அடுத்த வளைவுவரை இழுத்துவிட்டால் கியர் மாற்றுகிற நேரமும் மிச்சம், இழுவையும் விடாது. ஆனால் இந்த எஞ்சின் தன் முழுப் பலத்தைக் கொடுப்பது 5,250 சுற்றில். அதற்கு மேல் நீண்ட நேரம் ஓடுவதற்கென்று அந்தக் கிராங்க் செய்யப்படவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் இதே வேலையை வேறோர் ஊரில் ஒரு கராஜில் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். கிராங்கைக் குறைத்துக் கிரைண்ட் பண்ணி, எடையும் குறைத்து, கண்ணாடி மாதிரி பொலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. எட்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானுஓயா ஏற்றத்தில், வெறும் 4,500 சுற்றில், அடியில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. எஞ்சின் இரண்டு மூன்று தரம் குலுங்கி நின்றது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை, இரண்டு லேத், ஒரு பழைய கிராங்க் கிரைண்டர், ஒரு டிரில், ஒரு மேசை. உட்கார நாற்காலி இல்லை. 60 வயதைத் தாண்டிய ஒரு பாஸும் (கைதேர்ந்த தொழிலாளியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அவருடைய மருமகனும் மட்டும்தான் வேலை செய்கிறார்கள். நான் முதலில் உடைந்த துண்டுகள் இருந்த சாக்கைப் பிரித்தேன். மற்றக் கிராங்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடைந்த முகத்தைப் பெட்ரோலில் கழுவி, வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"டீச்சர், இங்க பாருங்க. மரத்தை வெட்டினா வளையம் தெரியுமே, அது மாதிரி கோடு கோடா இருக்கா? இது ஒரே நாள்ல உடைஞ்சதில்ல. மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டுக்கிட்டே வந்திருக்கு. இந்த ஓரத்துல கரடுமுரடா இருக்கிற துண்டு மட்டுந்தான் கடைசி நாள்ல உடைஞ்சது."

வளையங்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து விரிந்திருந்தன. அந்தப் புள்ளி இரண்டாவது பின்னின் மூலையில் இருந்தது. பின் என்பது கனெக்டிங் ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு) பிடிக்கிற உருண்டைப் பகுதி. அது தட்டையான கையோடு சேருகிற மூலையில் ஒரு சிறு வளைவு இருக்க வேண்டும். பாஸ் அதை ரேடியஸ் என்கிறார். என் கிராங்கில் அது இல்லை. கிரைண்டிங் கல்லின் கூர்மையான விளிம்பு அந்த இடத்தைச் செங்கோணமாக வெட்டிவிட்டிருந்தது. விரல் நகத்தை அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டி நின்றது. பொலிஷ் மூலைக்குள் போகவே இல்லை, வெளியே தெரிகிற இடத்தில்தான் மின்னியது.

கிராங்க் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. வளைகிற விசையெல்லாம் மூலையில் வந்து குவியும். நல்ல வளைவு இருந்தால் விசை பரவிப் போகும், கூர்மையாக இருந்தால் அங்கேயே விரிசல் பிறக்கும். இது பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம், நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் சொந்தக் கிராங்கில் அந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம்தான் இரண்டாவது சாக்கு. அந்தக் கிராங்கை ஒரு முனையில் கயிறு கட்டிக் கூரை மரத்தில் தொங்கவிட்டார். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கையாகத் தட்டினார். நல்ல கிராங்க் கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். இது 'டக்' என்று செத்துப்போன சத்தம் கொடுத்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் பூசி வைத்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு ஈரக்கோடு மெல்ல மேலே வந்தது. விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் திரும்பக் கசிகிறது.

"இதை நான் தொட மாட்டேன், டீச்சர். வேறொண்ணு கொண்டு வாங்க."

எனக்கு அழுகை வராத குறை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பேசாமல் அதையே கிரைண்ட் பண்ணிக் காசு வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை, அடுத்த தரம் உடையும்வரை. இந்தப் பட்டறையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது கிராங்க் வெலிமடையில் கிடைத்தது, 18,000 ரூபாய்க்கு. மணிபோல ஒலித்தது. அன்று பாஸ் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

வேலை தொடங்குமுன் அவர் கேட்ட கேள்வி: "எத்தனை ஆர்பிஎம்? எவ்வளவு நேரம் அதுல நிக்கும்?" முதல் கராஜில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. 7,000 என்றேன், ஒரு ஏற்றத்துக்கு ஒருசில நிமிடங்கள். அவர் தலையாட்டிவிட்டு, "ஆறாயிரத்து எண்ணூறு வச்சுக்குவோம்" என்றார்.

இருநூறு சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது என்று அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டேன். விசை வேகத்தோடு கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 5,500 சுற்றிலிருந்து 6,800க்குப் போனால் வேகம் 24 வீதம்தான் கூடுகிறது, விசையோ 53 வீதம் கூடுகிறது. 7,000 என்றால் 62 வீதம். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 76.2 மில்லிமீற்றர், கனெக்டிங் ரொட்டின் நீளம் 146 மில்லிமீற்றர். 300 கிராம் எடையுள்ள பிஸ்டன் ஒன்று உச்சிக்குப் போய்த் திரும்புகிற கணத்தில் ரொட்டை எவ்வளவு இழுக்கும்? 5,500 சுற்றில் ஏறக்குறைய 490 கிலோ எடைக்குச் சமமாக. 6,800இல் 745 கிலோவுக்குச் சமமாக. வினாடிக்கு 113 தரம். அவர் கணக்குப் போடாமல் சொன்ன எண்ணை நான் கணக்குப் போட்டுத்தான் மதிக்கக் கற்றேன்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனையும் கொண்டுபோயிருந்தேன். ஸ்ட்ரோக் குறைந்தால் விசை குறையும். 1964இல் வந்த மினி கூப்பர் எஸ்ஸில் 970 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 61.9 மில்லிமீற்றர்தான், அதனாலேயே அது உயர் சுற்றுக்குப் பேர்போனது. என் கிராங்கின் பின்னை மையம் தள்ளிக் கிரைண்ட் பண்ணினால் ஸ்ட்ரோக் குறையாதா? பாஸ் ஒரு அட்டைத் துண்டில் வட்டம் போட்டுக் காட்டினார். பின்னை 40 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைத்தால் மையம் 20 தவ் நகரும், ஸ்ட்ரோக்கில் 1 மில்லிமீற்றர்தான் குறையும். விசையில் லாபம் 1.3 வீதம். ஆனால் பின்னின் விட்டம் 1.625 அங்குலத்திலிருந்து 1.585க்கு இறங்கும். வளைவதற்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு போகும் என்பதால் அதில் 9.5 வீதம் நட்டம். விறைப்புக் கணக்கு மட்டும் என்னுடையது. "மெலிஞ்சா வளையும்" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

இந்தக் கிராங்கின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில். நான்கு சிலிண்டருக்கு, கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங். இரண்டு பேரிங்குக்கு நடுவில் இரண்டு பின்கள், தாங்க ஆளில்லாமல். இரண்டு பிள்ளைகள் பிடித்துச் சுழற்றுகிற ஸ்கிப்பிங் கயிறு நடுவில் விரிவதைப் போல, வேகம் கூடக்கூட இதுவும் வெளியே விரியப் பார்க்கும். அதுவும் இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. இரண்டும் நடு பேரிங்குக்கு அக்கம்பக்கம். பாரமெல்லாம் அந்த நடு பேரிங்கின் தலையில்தான். கூப்பர் எஸ் செய்தவர்கள் மெயின் ஜேர்னலை (பேரிங்குக்குள் சுழலுகிற உருண்டைப் பகுதியை) ஒன்றேமுக்கால் அங்குலத்திலிருந்து 2 அங்குலமாக்கி, உயர்ந்த ரக உருக்கில் செய்து, நைட்ரைட் பண்ணி மேற்பரப்பைக் கடினமாக்கினார்கள். அதையெல்லாம் என் எஞ்சினில் செய்ய முடியாது. இருக்கிற உலோகத்தில் எதைச் செய்ய முடியுமோ அதை பாஸ் செய்தார்.

முதலில் மூலைகள். கிரைண்டிங் கல்லின் இரண்டு விளிம்பையும் வைர முனையால் வளைவாகச் செதுக்கிக்கொண்டு, அந்த வளைவு அப்படியே ஜேர்னலின் மூலையில் படியும்படி கிரைண்ட் பண்ணினார். ஒரு ஜேர்னல் முடிந்ததும் கல்லைத் திரும்பச் செதுக்குவார், ஏனென்றால் கல்லின் விளிம்புதான் முதலில் தேயும். இதற்கு மட்டும் இரண்டு நாள். பிறகு மூலைக்குள் மெல்லிய எமெரி நாடாவைக் கையால் இழுத்து மெருகேற்றினார். வளைவு பெரிதானதால் பேரிங் ஷெல்லின் (ஜேர்னலைச் சுற்றி வைக்கிற மெல்லிய உலோக ஓட்டின்) ஓரம் அதில் உரசும். எனவே ஒவ்வொரு ஷெல்லின் விளிம்பையும் ஸ்கிரேப்பரால் சரிவாகச் சீவி, எங்கே உரசுகிறது என்று தெரிய நீலம் பூசி வைத்துப் பார்த்தார். நான் அருகிலேயே நின்று பார்த்தேன், அவசரமே இல்லை அந்தக் கையில்.

அடுத்தது எடை. முதல் கராஜில் கிராங்கின் எல்லாப் பக்கத்திலும் சுரண்டி எடுத்திருந்தார்கள். பாஸ், ரொட் பிடிக்கிற பின்னின் பக்கத்தில் மட்டும் கிராங்கின் கைகளை ஆப்பு வடிவில் சரித்தார். எதிர்ப்பக்கத்தில் இருக்கிற எதிர் எடையைத் தொடவில்லை. "தராசுல ஒரு தட்டைக் குறைக்கணும்னா மத்தத் தட்டையும் ஏன் குறைக்கிறது?" என்றார். பின்னின் பக்கம் இலேசாகும்போது எதிர் எடை இன்னும் நன்றாக வேலை செய்யும், நடு பேரிங்கின் பாரம் குறையும். அந்த நடு பேரிங்கின் மூடிக்குக் குறுக்கே, அது வேகத்தில் நெளியாமலிருக்க, கனமான உருக்குப் பட்டை ஒன்றைக் கடைந்து, நீளமான போல்ட்டோடு பொருத்திக் கொடுத்தார்.

எண்ணெய்த் துளைகளின் கூர் விளிம்பை எல்லாம் உருட்டிவிட்டார். உள்ளே இருக்கிற வழிகளின் அடைப்பைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். உள்ளேயிருந்து கறுப்பு மெழுகுபோலப் பல வருட அழுக்கு வந்தது. மினியில் கியர்பொக்ஸும் எஞ்சினும் ஒரே எண்ணெயைக் குடிப்பதால் கியரிலிருந்து உதிர்கிற தூள்கூட இங்கேதான் வந்து தங்கும். ஜேர்னலின் குறுக்கே புதிதாகத் துளை போடலாமா என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். எண்ணெய் மையத்தைக் கடந்து போக வேண்டும், உயர் வேகத்தில் சுழற்சியே அதை வெளியே தள்ளும், கடைசியில் தேவையான நேரத்தில் எண்ணெய் போய்ச் சேராது என்பது அவர் வாதம். அது சரியென்றே எனக்கும் படுகிறது.

பாலன்ஸ் வேலைக்கு மட்டும் அவரிடம் மெஷின் இல்லை. கத்தி முனைகளில் உருட்டிப் பார்த்து ஓரளவு சரி செய்துவிட்டு, பிளைவீலோடும் (கிராங்கின் முனையில் சுழலுகிற கனமான சக்கரம்) கிளச்சோடும் சேர்த்து கொழும்புக்கு அனுப்பினார். ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: காவடியின் ஒரு முனைப் பாரத்தை முன்னாலும் மறுமுனைப் பாரத்தைப் பின்னாலும் தள்ளிக் கட்டினால், சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஆடத் தொடங்கினால் தோளைத் திருகும். கிராங்கும் அப்படித்தான், சுழலவைத்து அளந்தால்தான் அந்தத் திருகல் தெரியும். நேர்வரிசை நான்கு சிலிண்டர் கிராங்குக்குப் பின்களில் போலி எடை கட்ட வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை ஒரே நாளில் முடிந்தது.

இனி குறைகள். மூன்று வாரம் என்றார், ஏழு வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் கிராங்க் தேடிய என் கணக்கு, மிச்சம் அவருடையது. போன் எடுக்க மாட்டார். மருமகன் எடுத்தால் "நாளைக்கு" என்பார். ரசீது தரமாட்டார்கள், அதனால் கையால் எழுதி நானே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். எத்தனை தவ் குறைத்தார் என்று ஜேர்னல் ஜேர்னலாக எழுதித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்ட பிறகுதான் ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதினார். அந்த அட்டையை லோக் புக்கோடு வைத்திருக்கிறேன்.

செலவு: கிராங்க் 18,000, பட்டறை வேலை 52,000, கொழும்பு பாலன்ஸ் போக்குவரத்தோடு 24,000, பேரிங் 31,000. மொத்தம் 125,000 ரூபாய். என் சம்பளத்துக்குப் பெரிய தொகை. உடைந்த கிராங்க் எஞ்சின் புளொக்கையும் கெடுக்காமல் விட்டது அதிர்ஷ்டம், இல்லையென்றால் இதைப்போல இரண்டு மடங்கு போயிருக்கும்.

எஞ்சினைப் பூட்டி 800 கிலோமீற்றர் மெதுவாக ஓட்டினேன். முன்பு 4,800 சுற்றில் கியர் லீவரில் ஒரு நடுக்கம் வரும், கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் இரண்டாகத் தெரியும். இப்போது அந்தச் சுற்றைத் தாண்டுவதே தெரியவில்லை. அதன்பிறகு அனுமதி வாங்கி, ஒரு தோட்டத்து ரோட்டில், காலை ஆறு மணிக்கு, இரண்டாவது கியரில் முதல் தரம் 6,800 வரை விட்டேன். கொழுந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்த அக்காமார் நின்று பார்த்தார்கள். எஞ்சின் கத்தவில்லை, ஒரே சுருதியில் பாடியது. சூடான பிறகும் எண்ணெய் அழுத்தம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து கேரேஜ் கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிராங்கை மாற்றியதால் கார் வேகமாகவில்லை. 6,000க்கு மேல் மூச்சு வாங்குகிறது, ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர் அதற்கு மேல் காற்றுக் கொடுக்காது. வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாப்டும் வால்வு ஸ்பிரிங்கும் இன்னும் பழையவை. வேகத்தைத் தருவது அவைதான், கிராங்க் அதைத் தாங்குகிறது. ஆனாலும் தாங்குகிறதை முதலில் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கேமை முதலில் மாற்றியிருந்தால் அந்தப் பழைய மூலை நானுஓயா வரைகூட வந்திருக்காது. பிளைவீல் இன்னும் வார்ப்பிரும்பு. அதை இலேசாக்கித் தரச் சொன்னேன், முடியாது என்றார். உயர் வேகத்தில் அது வெடித்தால் ஓட்டுகிறவரின் காலுக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும். உருக்குப் பிளைவீல் வாங்கும்வரை ரெவ் மீற்றரில் அவர் கையால் பூசிய சிவப்புக் கோட்டை நான் தாண்டப் போவதில்லை.

போகிறவர்கள் பேரிங்கை முதலில் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கிக்கொண்டு போங்கள். கையில் இருக்கிற ஷெல்லின் அளவுக்குத்தான் அவர் கிரைண்ட் பண்ணுவார், வெறும் வாக்குக்குப் பண்ண மாட்டார். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் பட்டறை பூட்டு. பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கி ஓட்டோக்காரர்களிடம் கிராங்க் பாஸ் என்று கேட்டால் கூட்டிப்போவார்கள். உடைந்த கிராங்க் இருந்தால் அதையும் மறக்காமல் சாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.